இந்த 404 யாருடையது? ஆப் எஞ்சினில் ஒரு முகவரி கடந்துவரும் வாசல்கள்

வீட்டுக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது எல்லாப் பக்கமும் திறந்தது. வலைச் செயலிகளை ஓட்டித் தரும் கூகுள் ஆப் எஞ்சினில் ஏற்றிய பிறகு முகப்பு மட்டும் வருகிறது, மற்றதெல்லாம் 404, அதாவது "பக்கம் இல்லை" என்ற பதில். புதிதாக வலைச் செயலி எழுதுகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி இந்த வகைதான். கேட்டுவிட்டு உடனே பைத்தான் கோப்பைத் திறந்து தப்பு தேட ஆரம்பித்துவிடுவார்கள். பல நேரம் அந்தக் கோரிக்கை பைத்தான் வரைக்கும் வந்தே சேர்ந்திருக்காது.

உலாவியில் நாம் அடிக்கும் முகவரி நாம் எழுதிய நிரலான கோடைத் தொடுவதற்கு முன் மூன்று நான்கு வாசல்களைக் கடக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு விதிப்பட்டியல் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஒரு வாசலின் பட்டியலைப் படிக்கும் முறை வேறு, அடுத்த வாசலில் வேறு. இதைப் புரிந்துகொண்டால் ரூட்டிங், அதாவது ஒரு முகவரியை அதற்கான கோடோடு சேர்த்துவைக்கும் வேலை, பெரிய வித்தை இல்லை.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சிறு நூலகத்தின் புத்தகப் பட்டியல் செயலியை வைத்துக்கொள்வோம். மொழி பைத்தான் 3, கட்டமைப்பு ஃபிளாஸ்க், ஏற்றும் இடம் ஆப் எஞ்சினின் ஸ்டாண்டர்ட் வகை. படிக்க வசதியாகப் பாதைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே வைக்கலாமா என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன், அது தனிக்கதை.

முகவரியைப் பிரித்துப் படிக்க

எடுத்துக்காட்டு.காம்/நூல்/25?வரிசை=ஆண்டு#அட்டை

முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது தளப்பெயர். அடுத்து /நூல்/25 என்பது பாதை. கேள்விக்குறிக்குப் பின்னால் வருவது கூடுதல் தகவல். # குறிக்குப் பின்னால் இருப்பது உலாவிக்குள்ளேயே நின்றுவிடும், சர்வருக்கு அது போவதே இல்லை. ரூட்டிங் நடப்பது தளப்பெயரையும் பாதையையும் வைத்து மட்டுமே. ஆகவே /தேடு?சொல்=பாரதி என்ற முகவரிக்கு நீங்கள் எழுத வேண்டிய ரூட் (பாதை விதி) வெறும் /தேடு. கேள்விக்குறியையும் சேர்த்து ரூட்டில் எழுதிவிட்டு "ஏன் வரவில்லை?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லைச் செயல்கூறுக்குள்ளே கோரிக்கைப் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாசல்: தளப்பெயர்

ஆப் எஞ்சினில் ஒரு புராஜெக்டுக்கு ஒரு செயலி. அதற்குள் சர்வீஸ்கள் என்ற தனித்தனிப் பகுதிகள் பல இருக்கலாம், ஒவ்வொரு சர்வீஸுக்கும் பல வெர்ஷன்கள் இருக்கலாம். நீங்கள் முதலில் ஏற்றும் சர்வீஸின் பெயர் டீஃபால்ட் என்றுதான் இருக்க வேண்டும். செயலியை உருவாக்கும்போது எந்தப் பகுதியில் ஓட வேண்டும் என்று கேட்கும். மும்பையும் பட்டியலில் உண்டு. நிதானமாகத் தேர்ந்தெடுங்கள், பிறகு மாற்ற முடியாது.

இப்போது புராஜெக்டின் பெயர், பகுதியின் குறுங்குறி, கடைசியில் ஆப்ஸ்பாட்.காம் என்று சேர்ந்த ஒரு முகவரி உங்களுக்குக் கிடைக்கும். குறிப்பிட்ட சர்வீஸையோ வெர்ஷனையோ பார்க்க விரும்பினால் புராஜெக்ட் பெயருக்கு முன்னால் அதைச் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்குப் புள்ளி வைக்காமல் "-டாட்-" என்று எழுத்தாலேயே எழுதுகிறார்கள்: சோதனை-டாட்-நிர்வாகம்-டாட்-எங்கள்நூலகம் என்பதுபோல. பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், ஆனால் காரணம் உண்டு. நட்சத்திரக் குறி போட்ட பாதுகாப்புச் சான்றிதழ் ஒரே ஒரு அடுக்குத் துணைப்பெயரைத்தான் காக்கும். புள்ளி வைத்தால் இரண்டாவது அடுக்காகிவிடும், உலாவி எச்சரிக்கை காட்டும். அதனால் மூன்று பெயர்களையும் ஒட்டி ஒரே அடுக்காக்கிவிட்டார்கள். அப்படி ஒட்டிய பெயர் 63 எழுத்தைத் தாண்டக் கூடாது. அது இணையப் பெயர்களைக் கையாளும் டிஎன்எஸ் போட்ட வரம்பு. வெர்ஷனுக்கும் சர்வீஸுக்கும் சின்னப் பெயர்களாக வையுங்கள்.

இந்த வாசலில் ஒரு பொறி இருக்கிறது. ஆப்ஸ்பாட் முகவரியில் இல்லாத சர்வீஸ் பெயரையோ வெர்ஷன் பெயரையோ அடித்தால் 404 வராது. கோரிக்கை சத்தமில்லாமல் டீஃபால்ட் சர்வீஸுக்குப் போய்விடும். நான் ஒருமுறை "நிர்வாகம்" என்ற சர்வீஸின் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு, புதிய கோடு ஏன் ஏறவில்லை என்று மூன்று முறை திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தேன். ஏறித்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு வீட்டை. பழைய பக்கமே வருகிறது என்றால் முதலில் முகவரியில் எழுத்துப்பிழை பாருங்கள்.

இரண்டாம் வாசல்: டிஸ்பாட்ச்

ஒரே சர்வீஸ் வைத்திருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். தொடக்கத்தில் ஒன்றே போதும் என்பதுதான் என் எண்ணமும்.

இரண்டு மூன்று சர்வீஸ்கள் இருந்து, எல்லாம் ஒரே தளப்பெயரின் கீழ் தெரிய வேண்டும் என்றால் டிஸ்பாட்ச்.யாமல் என்ற கோப்பு தேவை. "/நிர்வாகம்/ என்று தொடங்கும் பாதைகள் நிர்வாக சர்வீஸுக்கு" என்பதுபோல 20 விதிகள் வரை எழுதலாம். மேலிருந்து கீழே படிக்கும், முதலில் பொருந்துவது எடுத்துக்கொள்ளும். நட்சத்திரக் குறியைத் தளப்பெயரின் தொடக்கத்திலும் பாதையின் முடிவிலும் மட்டும் போடலாம், நடுவில் கூடாது. இந்தக் கோப்பைப் பெயர் சொல்லித் தனியாக ஏற்ற வேண்டும். சர்வீஸை ஏற்றினால் இதுவும் கூடவே போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. டிஸ்பாட்ச் சர்வீஸை மட்டும்தான் தேர்ந்தெடுக்கும், பாதையை வெட்டாது. /நிர்வாகம்/உறுப்பினர் என்று வந்த கோரிக்கை நிர்வாக சர்வீஸுக்குள்ளும் /நிர்வாகம்/உறுப்பினர் என்றேதான் நுழையும். உள்ளே நீங்கள் வெறும் /உறுப்பினர் என்று ரூட் எழுதியிருந்தால் 404. ஃபிளாஸ்கில் புளூபிரிண்ட் என்று ஒன்று உண்டு. ஒரு தொகுதி ரூட்டுகளை அதில் கட்டி, எல்லாவற்றுக்கும் முன்னால் /நிர்வாகம் என்ற முன்னொட்டை ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

மூன்றாம் வாசல்: ஆப்.யாமல்

பெரும்பாலான குழப்பம் இங்கேதான். செயலியின் அடைவில் ஆப்.யாமல் என்ற கோப்பு இருக்கும். எந்த மொழி, எந்தப் பதிப்பு என்ற ஒரு வரி மட்டும் இருந்தாலே போதும். அப்போது எல்லாக் கோரிக்கையும் உங்கள் பைத்தான் செயலிக்கே போகும். மெயின் என்ற கோப்பில் ஆப் என்ற பெயரில் செயலி இருந்தால், அதை எப்படித் தொடங்குவது என்றுகூட நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

படம், ஸ்டைல் கோப்பு, ஜாவாஸ்கிரிப்ட் போன்றவற்றைப் பைத்தானைத் தொந்தரவு செய்யாமல் நேரடியாகக் கொடுக்க நினைக்கும்போதுதான் ஹேண்ட்லர்கள் என்ற பகுதி வருகிறது. ஒவ்வொரு ஹேண்ட்லரிலும் ஒரு பாதை வடிவம், அதற்கு என்ன செய்வது என்ற வரி. வடிவம் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற குறியீட்டு முறையில் எழுதப்படும். அதில் .* என்றால் எந்த எழுத்தும், எத்தனை வேண்டுமானாலும். மேலிருந்து கீழே, முதலில் பொருந்துவதே வெல்லும்.

இதை இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. /படங்கள் என்ற பாதைக்கு, அதே பெயருள்ள அடைவைச் சுட்டும் ஸ்டாட்டிக் டிர் ஹேண்ட்லர் ஒன்று எழுதுங்கள். இது மேலே இருக்க வேண்டும்.

2. கடைசி ஹேண்ட்லராக /.* என்ற வடிவத்தை எழுதி, அதற்கு ஸ்கிரிப்ட்: ஆட்டோ என்று கொடுங்கள். மேலே எதிலும் சிக்காதவை எல்லாம் உங்கள் செயலிக்குப் போகும் என்று அர்த்தம்.

3. அந்தக் கடைசி ஹேண்ட்லரில் செக்யூர்: ஆல்வேஸ் என்றும் சேர்த்துவிடுங்கள். பூட்டில்லாத (http) முகவரியில் வருகிறவர்களைப் பூட்டுள்ள (https) அதே பாதைக்கு அதுவே திருப்பிவிடும்.

இந்த வரிசையைத் தலைகீழாக எழுதினால் என்ன ஆகும்? /.* எல்லாவற்றையும் விழுங்கிவிடும், கீழே இருக்கும் படங்கள் ஹேண்ட்லருக்கு முறையே வராது. இதற்கு நேர்மாறான தப்பு /.* என்பதற்குப் பதில் வெறும் / என்று எழுதுவது. ஸ்கிரிப்ட் ஹேண்ட்லரின் வடிவம் முழுப் பாதையோடும் பொருந்த வேண்டும். முன்னால் ^ (தொடக்கம்), பின்னால் $ (முடிவு) இருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும், நீங்கள் போட வேண்டாம். ஆகவே வெறும் / என்றால் முகப்புப் பக்கம் மட்டும். முதல் பத்தியில் சொன்ன "முகப்பு வருகிறது, மற்றதெல்லாம் 404" என்ற புகாருக்குப் பல முறை காரணம் இந்த இரண்டு எழுத்து விடுபட்டதுதான்.

ஒரு எச்சரிக்கையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதன் விளைவு 404 இல்லை, அதைவிட மோசம். ஸ்டாட்டிக் ஹேண்ட்லரில் சிக்கிய கோரிக்கை உங்கள் பைத்தான் கோடைத் தொடுவதே இல்லை. நீங்கள் ஃபிளாஸ்கில் "உள்நுழைந்தவர்கள் மட்டும் பார்க்கலாம்" என்று எவ்வளவு கண்டிப்பாக எழுதியிருந்தாலும் அந்தச் சோதனை ஓடாது. நூலக உறுப்பினர்களின் அடையாள அட்டைப் படங்களை ஸ்டாட்டிக் அடைவில் போட்டுவிட்டால் முகவரி தெரிந்த யாரும் பார்க்கலாம். வீட்டுக் கணினியில் ஃபிளாஸ்கை நேரடியாக ஓட்டும்போது ஆப்.யாமலை யாரும் படிப்பதில்லை, எல்லாமே பைத்தான் வழியாகப் போகும். அங்கே பூட்டு வேலை செய்வதுபோலவே தெரியும். மேலே ஏற்றிய பிறகுதான் வாசல் மாறுகிறது. ரகசியமாக இருக்க வேண்டிய எதையும் ஸ்டாட்டிக் அடைவில் வைக்காதீர்கள்.

இன்னும் ஒன்று: /_ஏஎச்/ என்று தொடங்கும் பாதைகளை ஆப் எஞ்சின் தனக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறது. அந்தப் பெயரில் சொந்த ரூட் எழுத வேண்டாம்.

நான்காம் வாசல்: ஃபிளாஸ்க்

ஒருவழியாக நம் கோடு. ஃபிளாஸ்க் 2010 ஏப்ரல் 1 அன்று ஆர்மின் ரோனாக்கர் செய்த முட்டாள்தினக் கேலியிலிருந்து பிறந்தது. கேலி நிஜமாகிவிட்டது. இதில் ரூட்டிங் வேலையைச் செய்வது அடியில் இருக்கும் வெர்க்சாய்க் என்ற நூலகம். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கருவி என்று பொருள்.

ஒரு செயல்கூறின் தலைக்கு மேல் ரூட் என்ற அலங்காரியை வைத்து, பாதையை எழுதினால் அவ்வளவுதான். மாறும் பகுதியைக் கோண அடைப்புக்குள் போட வேண்டும்: /நூல்/<இன்ட்:எண்>. இன்ட் என்றால் முழு எண் மட்டும். /நூல்/25 பொருந்தும், /நூல்/அகராதி பொருந்தாது, 404 வரும். வகை எதுவும் சொல்லாவிட்டால் எந்த எழுத்தும் வரலாம், சாய்கோடு மட்டும் வரக் கூடாது. சாய்கோடும் வேண்டுமென்றால் பாத் என்ற வகை இருக்கிறது. அதை அவசியம் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். இன்ட் பூஜ்யங்களைப் பொருட்படுத்தாது, /நூல்/025 என்று அடித்தாலும் 25-ஆம் நூல்தான் வரும்.

முன்பு சொன்னேனே, ஒவ்வொரு வாசலிலும் படிக்கும் முறை வேறு என்று. அது இங்கேதான் உறைக்கும். டிஸ்பாட்ச், ஆப்.யாமல் இரண்டும் மேலிருந்து கீழே படிப்பவை. ஃபிளாஸ்க் அப்படி இல்லை. /நூல்/<பெயர்> என்று ஒரு ரூட், அதற்குக் கீழே /நூல்/புதியவை என்று இன்னொரு ரூட் இருக்கிறது என்று வையுங்கள். /நூல்/புதியவை என்று கோரிக்கை வந்தால் எது எடுக்கும்? மேலே இருப்பதுதான் என்று நினைப்போம். இல்லை. எழுத்துக்கு எழுத்து நிலையாக எழுதப்பட்ட ரூட்டுக்கு ஃபிளாஸ்க் முன்னுரிமை தருகிறது. நீங்கள் எழுதிய வரிசை அதற்குப் பொருட்டில்லை. ஜாங்கோ என்ற இன்னொரு பைத்தான் கட்டமைப்பிலிருந்து வருகிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கும், ஏனென்றால் அங்கே முதலில் எழுதியதே முதலில். இப்படி ஒரே செயலிக்குள் ஒரு கோப்பில் வரிசைதான் உயிர், இன்னொரு கோப்பில் வரிசைக்கு மதிப்பே இல்லை. யாரும் முதல் நாளில் இதைச் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

அடுத்தது வால்சாய்கோடு. ரூட்டை /நூல்கள்/ என்று சாய்கோட்டோடு முடித்திருந்தால், யாராவது /நூல்கள் என்று அடிக்கும்போது ஃபிளாஸ்க் அவரைச் சாய்கோடு உள்ள முகவரிக்குத் திருப்பிவிடும். ரூட்டைச் சாய்கோடு இல்லாமல் /நூல்கள் என்று எழுதியிருந்தால், /நூல்கள்/ என்று அடித்தவருக்கு 404. ஒரு பக்கம் மன்னிக்கும், மறுபக்கம் மன்னிக்காது. அந்தத் திருப்பல் 308 என்ற எண்ணோடு போகும். நிரந்தர மாற்றம் என்று பொருள், உலாவி அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பிறகு நீங்கள் மனம் மாறி ரூட்டைத் திருத்தினால் உங்கள் உலாவி மட்டும் பழைய பாட்டையே பாடும். சோதிக்கும்போது தனிச்சாளரம் திறந்து பாருங்கள். என் பழக்கம்: பட்டியல் பக்கங்களுக்குச் சாய்கோடு உண்டு, ஒற்றைப் பொருளின் பக்கத்துக்குக் கிடையாது. நீங்கள் வேறு மாதிரி வைக்கலாம், ஆனால் செயலி முழுக்க ஒரே மாதிரி வையுங்கள்.

படிவத்தை அனுப்பும்போது 405 வந்தால் பாதை சரிதான், முறைதான் தவறு. ரூட் சாதாரணமாகப் பக்கத்தைக் கேட்கும் கெட் கோரிக்கையை மட்டுமே ஏற்கும், தகவலை அனுப்பும் போஸ்ட் வேண்டுமென்றால் மெத்தட்ஸ் பட்டியலில் சொல்ல வேண்டும்.

டெம்ப்ளேட்டுகளில் இணைப்புகளைக் கையால் எழுதாதீர்கள். யூஆர்எல்_ஃபார் என்ற செயல்கூறுக்குச் செயல்கூறின் பெயரையும் எண்ணையும் கொடுத்தால் அதுவே முகவரியைக் கட்டித் தரும். நாளைக்கு /நூல் என்பதை /புத்தகம் என்று மாற்றினாலும் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

தமிழில் முகவரி வைக்கலாமா?

ஃபிளாஸ்க் ரூட்டில் தமிழ் தாராளமாக வேலை செய்யும். ஆனால் முகவரியில் தமிழ் தமிழாகப் பயணிப்பதில்லை. ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்துகளாகிறது. "நூல்" என்ற சொல்லில் நான்கு குறியீடுகள்: ந, ஊகாரக் குறி, ல, புள்ளி. ஆக 36 எழுத்துகள். உலாவி அதை மறைத்துத் தமிழாகவே காட்டும். நகலெடுத்து யாருக்காவது அனுப்பும்போது % குறிகள் நிறைந்த நீண்ட வாலாக வெளியே வந்து விழும்.

அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. "கொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று, எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்த தலைப்புகளில் இந்தக் கோளாறை நான் பார்த்திருக்கிறேன். தரவுத்தளத்தில் நூல் இருக்கும், முகவரியும் சரியாகத் தெரியும், 404 வரும். ஓ, ஔ குறிகளுக்கும் இதே கதைதான். மருந்து எளிது: பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் செயல்கூறை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி முறையில், சேமிக்கும்போதும் தேடும்போதும் ஓட்டிவிடுங்கள்.

நான் செய்வது இப்படி: /நூல்/25/கொங்கு-வரலாறு என்று எண்ணையும் பெயரையும் சேர்த்து வைப்பேன். தேடுவது எண்ணை வைத்து மட்டும். பின்னால் உள்ள பெயர் மனிதர்களுக்காக. அதில் எழுத்து சிதைந்தாலும் பக்கம் திறக்கும்.

ஏற்றிச் சோதிக்க

ஜிகிளவுட் ஆப் டிப்ளாய் என்ற கட்டளையால் ஏற்றும்போது நோ-ப்ரமோட் என்ற தெரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய வெர்ஷன் ஏறும், ஆனால் வாசகர்கள் பழையதையே பார்ப்பார்கள். நீங்கள் "-டாட்-" முகவரியில் புதியதைத் திறந்து முகப்பு, ஒரு நூல், ஒரு படம், சாய்கோடு உள்ளதும் இல்லாததும், வேண்டுமென்றே ஒரு தப்பான பாதை என்று ஐந்தாறு முகவரிகளை அடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் போக்குவரத்தை மாற்றுங்கள்.

சொந்த டொமைன் இணைக்கும்போது உரிமையை உறுதி செய்யச் சொல்லும், பிறகு டிஎன்எஸ் பதிவுகள் சிலவற்றைத் தரும். அவற்றை டொமைன் வாங்கிய இடத்தில் அப்படியே சேர்க்க வேண்டும். முன்பு சொன்ன சத்தமில்லாத திருப்பல் சொந்த டொமைனில் கிடையாது. அங்கே பொருந்தாத சர்வீஸ் பெயருக்கு 404தான்.

404 வந்தால்

பைத்தானைத் திறக்காமல் பக்கத்தைப் படியுங்கள். "கையால் அடித்திருந்தால் எழுத்துப்பிழை பார்க்கவும்" என்கிற தொனியில் ஆங்கில வாசகம் இருந்தால் அது ஃபிளாஸ்கின் 404. கோரிக்கை நான்காம் வாசல் வரை வந்துவிட்டது என்று பொருள். ரூட், சாய்கோடு, புளூபிரிண்டின் முன்னொட்டு, தமிழ்க் குறியீடு ஆகியவற்றை அந்த வரிசையில் பாருங்கள். நீங்கள் கேட்ட பாதையையே எடுத்துக்காட்டி "இந்த சர்வரில் இல்லை" என்று சொன்னால் அது ஆப் எஞ்சினுடையது, ஆப்.யாமலைத் திறங்கள். இரண்டையும் எளிதாகப் பிரித்தறிய, உங்கள் ஃபிளாஸ்க் செயலிக்குச் சொந்தமாக ஒரு 404 பக்கத்தைத் தமிழில் எழுதி வைத்துவிடுங்கள். தமிழ்ப் பக்கம் வந்தால் நம் கோடு, ஆங்கிலப் பக்கம் வந்தால் வெளியே எங்கோ.

அடுத்து லாக், அதாவது வந்த கோரிக்கைகளின் பதிவேடு. ஸ்டாட்டிக் ஹேண்ட்லரில் பொருந்திய கோப்பு அடைவில் இல்லையென்றால் லாக்கில் அதை வெளிப்படையாகவே எழுதியிருக்கும். பெரும்பாலும் அடைவுப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசமாக இருக்கும். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, ஆப் எஞ்சின் ஓடும் லினக்ஸ் கண்டுகொள்ளும். லாக்கில் எந்த சர்வீஸ், எந்த வெர்ஷன் என்பதையும் பாருங்கள். நீங்கள் நினைத்ததும் அதுவும் ஒன்றுதானா?

நீங்கள் பக்கத்தைத் திறந்த நேரத்துக்கு எந்த சர்வீஸின் லாக்கிலும் ஒரு வரிகூட இல்லையென்றால், கோரிக்கை உங்கள் செயலிக்கே வரவில்லை. கோடை மூடிவைத்துவிட்டு, டிஎன்எஸ் பதிவுகளை ஒருமுறை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.